தூரத்துக்காரருக்கு முதல் வாய்

நெல்லிமலையின் வடக்குச் சரிவில் ஒரு சுனை இருந்தது. பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் நூல் போல இறங்கும். கீழே ஒரு முறம் அளவுக்குக் குழி. அந்தச் சரிவில் இருந்த அத்தனை உயிருக்கும் அதுதான் குடிதண்ணீர்.

வெடிப்புக்குள் ஒரு நண்டு குடியிருந்தது. சுனைக்கு அதுதான் காவல். காவல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யார் வந்தாலும் கண்ணை வெளியே நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கும்.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

வந்தவர் தன் இடத்தைச் சொல்ல வேண்டும். அதிக தூரத்திலிருந்து வந்தவர் முதலில் குடிப்பார். அதற்கடுத்த தூரத்துக்காரர் அடுத்து. பக்கத்தில் குடியிருப்பவர் கடைசி. தூரத்துக்காரருக்கு முதல் வாய். அதுதான் அந்தச் சுனையின் வழக்கம். நியாயமான வழக்கம்தான். பக்கத்தில் இருப்பவர் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக்கூட வரலாம். தூரத்திலிருந்து வந்தவர் குடித்த வாயோடு திரும்பி நடக்க வேண்டும் அல்லவா?

சொன்னது மெய்தானா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. யாரும் பொய் சொன்னதும் இல்லை. எல்லாரும் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் நிறைய இருந்தது, அவ்வளவுதான். முதலில் குடித்தாலும் வயிறு நிறைந்தது, கடைசியில் குடித்தாலும் நிறைந்தது. வயிறு நிறைகிற இடத்தில் யோக்கியமாக இருப்பது ஒரு பெரிய காரியமா?

அந்த வருஷம் மழை வரவில்லை. நூலாக இறங்கிய தண்ணீர் சொட்டாகிப் போனது. பெரிய விலங்கு ஒன்று குடித்துவிட்டால் குழியில் ஈரம் மட்டும் மிஞ்சும். அது மறுபடி ஊறி நிறைவதற்குள் மர நிழல் ஒரு பாறையை விட்டு அடுத்த பாறைக்குப் போய்விடும். வரிசை நீண்டது. பேச்சு குறைந்தது. ஒருவர் குடிக்கும்போது மற்றவர்கள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த வரிசையில் எப்போதும் கடைசியில் நின்றது நரி. சுனைக்குப் பின்னால் இருந்த உண்ணிப்புதரில்தான் அதன் குடியிருப்பு. பக்கத்து வீட்டுக்காரன். ஆகவே தினமும் சேற்றை நக்கிவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்தில் குடியிருப்பது ஒரு குற்றமா என்று அது தனக்குள் புலம்பிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் வரிசையில் அதற்கு முன்னால் முள்ளம்பன்றி நின்றது. முள்ளம்பன்றி மொட்டைப்பாறையிலிருந்து வருவது. அது நிதானமாகத்தான் குடிக்கும். நரிக்குப் பொறுக்கவில்லை. மெல்ல நழுவிப் பின்பக்கம் போனது. செம்மண்ணில் புரண்டது. நாக்கு தொங்கும் வரைக்கும் சரிவில் மேலும் கீழும் ஓடியது. பிறகு எதிர்ப்பக்கத்துப் பாதையில் நொண்டிக்கொண்டே வந்து நின்றது.

"எங்கேயிருந்து வர்றீங்க?" என்று நண்டு கேட்டது.

"கருமலைக்கு அந்தப் பக்கம்."

"நேத்து வரைக்கும் இந்தப் புதர்லதானே இருந்தீங்க?"

"குடி மாறிட்டேன்."

நண்டு பிறந்ததிலிருந்து அந்த வெடிப்பை விட்டு வெளியே வந்ததில்லை. கருமலை கிழக்கா மேற்கா என்றுகூட அதற்குத் தெரியாது. தூரம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது நரியின் காலைப் பார்த்தது. கால் முழுக்கத் தூசி. பாவம், எவ்வளவு தூரம் நடந்திருக்கிறதோ என்று இரக்கப்பட்டு வழி விட்டது. நரி முதல் வாய் குடித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் முள்ளம்பன்றியின் கண்ணில் ஒரு காட்சி பட்டது. குடி மாறிப் போன நரி, பழைய உண்ணிப்புதரிலேயே காலை நீட்டிப் படுத்திருந்தது.

முள்ளம்பன்றி அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் நரியின் பொய் உடையும், வரிசை பழையபடி ஆகும். தனக்கு என்ன லாபம்? பேசாமல் வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் சுனையில் நின்று, கருமலைக்கும் அடுத்த மலையிலிருந்து வருவதாகச் சொன்னது.

அப்புறம் என்ன? ஒருவர் ஆரம்பித்தால் போதுமே. குரங்கு இரண்டு மலையைக் கூட்டிச் சொன்னது. அதோடு வீட்டில் ஒரு நோயாளி இருப்பதாகவும் சேர்த்துக்கொண்டது. மறுநாள் நரி வீட்டிலும் நோயாளி வந்துவிட்டது. பல் முளைக்காத குட்டிகள், கண் தெரியாத தாய்கள் என்று சுனையைச் சுற்றி ஒரே துக்கம். பிறந்ததிலிருந்து ஒண்டிக்கட்டையாகத் திரிந்த முள்ளம்பன்றிக்குக்கூட நாலு குட்டிகள் பிறந்தன.

எல்லாருக்கும் மேலே போனது காட்டுப்பன்றி. அது கடலிலிருந்து வருவதாகச் சொன்னது.

"கடல்னா என்ன?" என்று கேட்டது நண்டு.

"பெரிய சுனை. அந்தக் கரை கண்ணுக்கே தெரியாது."

"அவ்வளவு தண்ணிய விட்டுட்டு இந்தச் சொட்டுத் தண்ணிக்கா வந்தீங்க?"

பன்றி மூக்கால் மண்ணைக் கிளறியது. பிறகு, எப்போதோ யாரோ சொல்லிக் காதில் விழுந்தது ஞாபகம் வந்து, "அது உப்பு" என்றது. நண்டு அதையும் நம்பியது.

சுனைக்கு மேலே ஒரு வேங்கை மரம். அதில் ஒரு காட்டுக்கோழி அடைவது வழக்கம். மேலேயிருந்து பார்ப்பவளுக்கு எல்லாம் தெரியும்தானே. அவள் ஒருநாள் குனிந்து நண்டைக் கூப்பிட்டாள்.

"நண்டண்ணே, உலகமே உங்க சுனைக்கு வந்து குடிக்குதாமே. அந்த நரி எங்கேயிருந்து வர்றான்னு தெரியுமா? இங்கேயிருந்து ஒரு கல்லை உருட்டி விடுங்க. அவன் வாசல்லதான் போய் நிக்கும்."

ஒவ்வொருவரும் உண்மையில் எங்கேயிருந்து வருகிறார்கள் என்று காட்டுக்கோழி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நண்டு வெடிப்புக்குள் போனது. நெடுநேரம் வெளியே வரவே இல்லை.

தண்ணீர் அநியாயமாகப் போனதற்காக அது வருந்தியதா? இல்லை. தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்பதுதான் அதற்குச் சுட்டது. தூசிக் காலைப் பார்த்து இரக்கப்பட்டதை நினைக்க நினைக்க அது கொடுக்கால் பாறையைக் கீறியது.

அடிபட்டவருக்கு இரண்டு வழி உண்டு. அடித்தது யார் என்று தேடிப் பிடிக்கலாம். அது கஷ்டம். எதிரே வருகிற அத்தனை பேரும் அடித்தவர்களே என்று வைத்துக்கொள்ளலாம். அது சுலபம். நண்டு சுலபமானதை எடுத்துக்கொண்டது.

மறுநாள் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சட்டம் பேசியது. இனிமேல் யார் எவ்வளவு தூரம் சொன்னாலும் அதில் பாதிதான் கணக்கு. தூசிக் காலைக் காட்டக் கூடாது. நோயாளி, குட்டி என்று கதை அளக்கக் கூடாது. "இனி என்னை யாரும் ஏமாத்த முடியாது" என்றது.

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றும் தான் சொல்லும் தூரத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டது. சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். கேட்பவர் குறைப்பார் என்று தெரிந்தால் சொல்பவர் கூட்டித்தான் சொல்வார். பாதியாகக் குறைத்ததும் பழைய பொய்யே திரும்பக் கைக்கு வந்தது. கூட்டுவது நண்டுக்கும் தெரியும், குறைப்பது விலங்குகளுக்கும் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லை. சுனையில் சண்டைகூட இல்லாமல் போனது. நண்டு தன் சாமர்த்தியத்தை நினைத்து நிம்மதியாகத் தூங்கியது.

இந்த ஏற்பாடு தெரியாத ஒரு உயிர் அப்போது அங்கே வந்து சேர்ந்தது.

அது ஒரு தாய்க் கடமான். மூன்று மலைக்கு அப்பால் மூங்கில்பள்ளத்தில் இருப்பது. அங்கே இருந்த ஓடை வறண்டு வெடித்துவிட்டது. அந்த வறட்சியில்தான் அதற்கு ஒரு கன்று பிறந்தது. கால் இன்னும் நடுங்கும், மலை ஏறாது. தாய் தண்ணீர் குடித்துப் பல நாளாயிற்று. மடி சுருங்கிக்கொண்டே வந்தது. முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கன்று தாயின் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் கடமான் சுனையைத் தேடிக் கிளம்பியது.

கன்றை ஈச்சம்புதருக்குள் படுக்க வைத்தது. "நான் வர்ற வரைக்கும் அசையாதே, கண்ணு. காதைக்கூட ஆட்டாதே" என்று சொன்னது. கன்று அப்படியே படுத்துக்கொண்டது.

மூன்று மலை. வெயிலில் பாறை கொதித்தது. கடமான் சுனைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். குழியைச் சுற்றிப் பன்றியும் நரியும் முள்ளம்பன்றியும் நின்றன.

நண்டு வரிசையாகக் கேட்டது. பன்றி எட்டு மலை என்றது, நாலானது. நரி ஆறு என்றது, மூன்றானது. முள்ளம்பன்றி நாலு என்றது, இரண்டானது.

"நீங்க எங்கேயிருந்து வர்றீங்க?"

"மூங்கில்பள்ளம். மூணு மலை தாண்டி."

"ஒன்றரை" என்றது நண்டு. "கடைசியில நில்லுங்க."

கடமானுக்குப் புரியவில்லை. மூணு மலை என்றுதானே சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டது. எல்லாருக்கும் பாதிதான், உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று நண்டு திருப்பிக் கேட்டது.

கடமான் அந்தக் கூட்டத்திலேயே பெரிய உயிர். ஒரு உதை விட்டிருந்தால் நண்டின் ஓடு மூலைக்கு ஒன்றாகத் தெறித்திருக்கும். ஆனால் சுனை வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தே வளர்ந்த உயிர் அது. கடைசியில் போய் நின்றது.

பக்கத்தில் இருந்த நரிக்குச் சிரிப்பு வந்தது. "என்னக்கா, விவரம் இல்லாதவங்களா இருக்கீங்க? ஆறுன்னு சொல்லியிருக்க வேணாமா?"

"நான் ஏறினது மூணுதானே, தம்பி."

"யாரு இல்லைன்னா? மூணு வேணும்னா ஆறு கேக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான்."

பன்றி குடித்தது. குழி ஊறக் காத்திருந்தார்கள். நரி குடித்தது. மறுபடி காத்திருந்தார்கள். முள்ளம்பன்றி நிதானமாகக் குடித்தது. கடமானின் முறை வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. குழியில் நாலு வாய்த் தண்ணீர்தான் இருந்தது, அதுவும் கலங்கல். குடித்துவிட்டு இருட்டுக்குள் மூன்று மலையைத் தட்டுத் தடுமாறிக் கடந்தது.

கன்று அதே இடத்தில் படுத்திருந்தது. தாயின் வாசனை பட்டதும் ஒரு காது மட்டும் மெல்ல ஆடியது. மடியில் கொஞ்சம் பால் ஊறியிருந்தது. அது போதாது. தாய்க்கும் தெரிந்தது, கன்றுக்கும் தெரிந்தது.

விடிந்ததும் கடமான் மறுபடி கிளம்பியது. இந்த முறை வழியெல்லாம் நரி சொன்னதையே நினைத்துக்கொண்டு போனது. அதற்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்து, நாக்கில் ஒட்டாத அந்த எண்ணைச் சுமந்துகொண்டே சுனைக்கு வந்தது.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"ஆறு... ஆறு மலை தாண்டி."

நண்டின் இரண்டு கண்ணும் வெளியே வந்தன. "நேத்து மூணுன்னு சொன்னீங்களே. ராத்திரியில மூணு மலை முளைச்சிருச்சோ?"

பாதிச் சட்டம் வந்ததிலிருந்து மற்றவர்கள் தினமும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். ஆகவே மாட்டிக்கொள்ளவில்லை. முந்தின நாள் உண்மை சொன்னதால் கடமான் மாட்டிக்கொண்டது.

நண்டுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அத்தனை நாளில் அது கையும் களவுமாகப் பிடித்த முதல் பொய் அதுதான். பொய் சொன்னவர், மற்ற எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் குழிப்பக்கம் வரலாம் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னது.

கடமான் கெஞ்சியது. தன் குளம்பைத் தூக்கிக் காட்டியது. பாறையில் வெடித்து, வெடிப்பில் ரத்தம் கட்டியிருந்தது. காலைக் காட்டக் கூடாது என்று நண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"புதருக்குள்ள கன்று கெடக்கு. பால் இல்ல. ஒரே ஒரு தடவை என்னை முன்னால விடுங்க."

"இந்த முள்ளம்பன்றிக்கே நாலு குட்டி" என்றது நண்டு. "கன்றுக் கதையெல்லாம் இங்க நெறையக் கேட்டாச்சு."

நரி அங்கேதான் நின்றது. கடமான் சொன்னது சத்தியம் என்று அதற்குத் தெரியும். அந்தக் குளம்பைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அது சொல்வது மெய் என்று வாய் திறந்தால், நான் சொல்வது பொய் என்றும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? நரி தன் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றது. முள்ளம்பன்றி தரையைப் பார்த்தது. பன்றி, தன் முறை வந்ததும் எப்போதும் போல ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது. மரத்தின் மேல் இருந்த காட்டுக்கோழிக்கும் எல்லாம் தெரியும். அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயும் திறக்கவில்லை.

அன்று கூட்டம் அதிகம். குரங்குகள் வந்தன, முயல்கள் வந்தன. எல்லாரும் குடித்தார்கள். கடைசியில் கடமான் குழியில் வாய் வைத்தபோது மணல்தான் நாக்கில் பட்டது. ஈர மணலை நக்கிவிட்டுத் திரும்பி நடந்தது.

மூங்கில்பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. ஈச்சம்புதரை மூக்கால் விலக்கிப் பார்த்தது. கன்று சொன்ன இடத்திலேயே, சொன்னபடியே படுத்திருந்தது. தாய் குனிந்து மூச்சை விட்டது. காது ஆடவில்லை. அந்தக் காதின் நுனியில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அப்போதும் ஆடவில்லை.

கடமான் வெயில் ஏறும் வரை அங்கேயே நின்றது. ஈயை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சில நாள் அது சுனைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் காலையில் வந்தது. நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றது. யாரும் அதை அங்கே நிற்கச் சொல்லவில்லை. நண்டு எப்போதும் போலக் கண்ணை நீட்டியது.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"இங்கேதான். இந்த வேங்கை மரத்தடியில."

பாதியாகக் குறைக்கத் தயாராக இருந்த நண்டு தடுமாறியது. இங்கேதான் என்பதில் எதைக் குறைப்பது? "மூணு மலைன்னு சொன்னீங்களே?" என்று கேட்டது.

"அது கன்று இருந்தப்போ."

நண்டின் நீட்டிய கண் உள்ளே போனது. வெடிப்பிலிருந்து ஒரு சொட்டு குழியில் விழுந்தது.

"நீங்க குடிங்க" என்றது கடமான். "எனக்கு இனிமே அவசரம் இல்ல. திரும்பிப் போற வேலையும் இல்ல."

அன்று பன்றிகூடக் கொஞ்சம் மிச்சம் வைத்தது. அந்த மிச்சம் யாருக்கு வேண்டும்?

எல்லாரும் போன பிறகு நண்டு தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சுனையை விட்டு வெளியே இறங்கியது. மூன்று மலை என்றால் எவ்வளவு என்று அதற்குப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனது. பாறை சுட்டது. ஓடு காய்ந்தது, கால் மூட்டுகள் இறுகின. இதற்கு மேல் முடியாது என்று அது நின்ற இடம் நரியின் உண்ணிப்புதர் வாசல். ஒரு கல்லை உருட்டிவிட்டால் வந்து நிற்கிற தூரம். அங்கேயிருந்து கண்ணை நீட்டிப் பார்த்தது. எதிரே ஒரு மலை. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் மங்கலாக ஒன்று.

நண்டு திரும்பி ஊர்ந்து சுனைக்கு வந்து சேர்ந்தபோது பாதி உயிர்தான் இருந்தது.

அன்றோடு அது கேள்வி கேட்பதை விட்டுவிட்டது. யார் வந்தாலும் வெடிப்புக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டது. கேள்வி போனதும் வழக்கமும் போனது. அப்புறம் தோள் பெருத்தவருக்குத்தான் முதல் வாய். பன்றி தினமும் நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு வந்து முதலில் குடித்தது. நரி பழையபடி கடைசியில் நின்று சேற்றை நக்கியது. கூட்டிச் சொல்ல அதற்கு இப்போது கேட்கிற ஆளே இல்லை.

மழை பிறகு வந்தது. மூங்கில்பள்ளத்து ஓடையில் தண்ணீர் போனது என்று காட்டுக்கோழி மரத்திலிருந்து சொன்னாள். கடமான் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டது. வேங்கை மரத்தடியை விட்டு அது போகவில்லை.

ஏமாந்த கோபத்தில் எல்லாருடைய சொல்லையும் ஒன்றுபோல வெட்டிக் குறைக்கிறவர், தன்னை ஏமாற்றியவரை ஒருபோதும் தண்டிப்பதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்ன ஒருவரைத்தான் தண்டிக்கிறார்.